பெயர் போட்டால் போதும்

வெள்ளைக் கொடி ஏற்றிய அன்று நான் புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். நகராட்சி வாசலில் பேண்டு வாசித்தார்கள். கொடியில் ‘எழுத்தறியாமை ஒழிந்த வட்டாரம்’ என்று ஸ்பானிஷில் தைத்திருந்தது. அதை வாசிக்கத் தெரியாத நாற்பத்தொரு பெண்கள் அதன் கீழே நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களுடைய டீச்சர் நான்தான். அந்த ஸ்வெட்டரை அதற்குப் பிறகு நான் போட்டதே இல்லை.

என் பெயர் எடெல்மிரா. வீட்டில் பேசியது கெச்சுவா, மலை ஜனங்களின் மொழி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி ஸ்பானிஷ் கற்றேன். அபன்காய் பட்டணத்தில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி எடுத்துவிட்டு வேலை கிடைக்காமல் மலைக்கே திரும்பியவள். சுய்ருபம்பா நகராட்சியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு மேலே வில்மர். நகராட்சியில் எழுத்தறிவு, துப்புரவு இரண்டும் அவர் பொறுப்பு. பட்டம் வாங்கியவர் என்பதால் ஊரே அவரை ‘லிசென்சியாடோ’ என்று பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடும். பெயர் சொன்னால் அவருக்கு முகம் சுண்டிவிடும். அவர் கெச்சுவா பேசமாட்டார். தெரியாது என்பார். அவருடைய அம்மா சந்தையில் அவித்த சோளம் விற்றவள், அவளுக்குக் கெச்சுவாவைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. பெண்கள் கெச்சுவாவில் ஏதாவது கேலி செய்தால் நான் ஸ்பானிஷில் சொல்லுமுன்பே வில்மரின் மீசை துடித்துவிடும். பிறகு நான் சொல்லி முடிக்கும்வரை கல் மாதிரி நின்று, முடித்ததும் புதிதாகக் கேட்டதுபோல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அம்மா பாலோடு குடித்த மொழியைத் தெரியாது என்று சொல்லி ஒரு மனுஷன் இத்தனை வருடம் எப்படிக் காலம் தள்ளினான் என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்பதற்குத்தான் இந்தக் கதை.

லெயோகாடியா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பதை நெருங்கியவர், கணவர் இல்லை. ஊருக்கு மேலே மலைச்சரிவில் அவருக்கு ஒரு மேய்ச்சல் நிலம், அதன் நடுவில் ஒரு ஊற்று. ஆகஸ்ட் மாதம் ஊரே வறண்டு கிடக்கும்போதும் அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும். அவர் கம்பளிக்காக வளர்த்த முப்பது அல்பாக்காக்களும் அந்த ஊற்றை நம்பித்தான் உயிரோடு இருந்தன. அந்த நிலத்தின் ஓரமாகத்தான் நகராட்சியின் லாரி போகிற பாதை. குப்பை கொட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது என்று வில்மர் கண்டுபிடித்தார். இரண்டு வருடத்தில் மூன்று தடவை சம்மதப் பத்திரம் கொண்டுபோனார்கள். மூன்று தடவையும் அக்கா முடியாது என்றார்.

அவர் முடியாது என்று சொல்ல முடிந்தது எப்படி என்பதைக் கவனிக்கவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் பக்கம் அடையாள அட்டையில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘எழுத்தறியாதவர்’ என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். அப்படி அட்டை உள்ளவரிடம் ரேகை வாங்கவேண்டுமென்றால் பத்திரத்தை ஊர் நீதிபதி முன்னால், அவருடைய மொழியில், உரக்க வாசித்துக் காட்டவேண்டும். அவர் நம்புகிற ஒரு சாட்சியும் பக்கத்தில் நிற்கவேண்டும். எங்கள் ஊரில் அது ஒரு திருவிழா. பத்திரம் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆளாளுக்கு மெல்லுவதற்குக் கோகா இலையை எடுத்துக்கொண்டு நீதிபதி வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வரி வாசித்ததும் நிறுத்தி, அதன் தோலை உரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு விடுவார்கள்.

மூன்றாவது தடவை வாசித்தபோது நானும் இருந்தேன். ‘தற்காலிகப் பயன்பாட்டுக்கு’ என்று வந்தது.

“தற்காலிகம்னா எத்தன நாளு?” என்று அக்கா கேட்டார்.

“இருபது வருஷம்னு கீழ போட்டிருக்கு,” என்றார் நீதிபதி அபுந்தியோ.

“இருபது வருஷத்துல நானே தற்காலிகம்தான். எலும்புகூட மிஞ்சாது. பெரிய மனுஷங்க குப்பைய அவங்கவங்க வீட்டுக் கட்டிலுக்கடியில வச்சுக்கச் சொல்லுங்க. அதுவும் தற்காலிகமாத்தான்.”

முற்றம் முழுக்கச் சிரித்தது. வில்மரின் மீசையும் துடித்தது, நான் சொல்வதற்கு முன்பே. பத்திரம் ரேகை இல்லாமல் திரும்பிப் போனது.

அடுத்த மாதம்தான் எழுத்தறிவு வகுப்பு ஆரம்பம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. வில்மர் அவ்வளவு தூரம் திட்டம் போடுகிற ஆள் இல்லை. வழியில் கிடந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற ஆள்.

செவ்வாயும் வியாழனும் மத்தியானத்துக்கு மேல் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு. பெண்கள் கையில் நூல் நூற்றபடியே வருவார்கள், வகுப்பு நடக்கும்போதும் கதிர் சுற்றிக்கொண்டே இருக்கும். கரும்பலகை பாதி உடைந்தது. புத்தகம் இல்லை.

“புத்தகம் எப்போது வரும் லிசென்சியாடோ?” என்று கேட்டேன்.

“தலைநகர் லீமாவிலிருந்து வரவேண்டும் மிஸ். வராது. நாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? கவலைப்படாதீர்கள். ஆண்டுவிழாவுக்குள் கொடி ஏற்றவேண்டும், மேயர் வாக்குக் கொடுத்துவிட்டார். பெயர் போட்டால் போதும்.”

“பெயர் மட்டும் தெரிந்தால் எழுத்தறிவு ஆகுமா?”

“அவர்களுக்கு அதற்குமேல் எதற்கு? அல்பாக்காவுக்குக் கடிதம் எழுதப் போகிறார்களா?”

அதற்கு நான் சிரித்தேன். வேலையில் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது, மேலதிகாரி நகைச்சுவை சொன்னால் சிரிக்கவேண்டும் என்று நினைத்தேன். இந்தச் சிரிப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நான் செய்தது இதுதான். ஒவ்வொருத்தர் பெயரையும் ஒரு தாளில் புள்ளி புள்ளியாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் புள்ளிமேல் பென்சிலை ஓட்டினார்கள். இரண்டு மாதம் ஓட்டினார்கள். பிறகு புள்ளி இல்லாமலும் வந்துவிட்டது. எந்த வளைவு எந்தச் சத்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. சால்வையில் பறவை நெய்வதுபோலக் கைக்குப் பழகிய ஒரு வடிவம், அவ்வளவுதான். ஒரு நாள் லெயோகாடியா அக்கா தன் பெயரை நடுவில் பிளந்து காட்டிக் கேட்டார்.

“டீச்சர், இந்தப் பாதி மட்டும் என்ன சொல்லுது?”

நான் அன்றைக்கு அவசரத்தில் இருந்தேன். அபன்காய்க்குப் போகிற பஸ் போய்விடும்.

“அதெல்லாம் அப்புறம் வரும்க்கா. மொதல்ல முழுசா போடுங்க.”

“முழுசா போட்டா என்ன சொல்லுது?”

“நீங்கதான்னு சொல்லுது.”

“அது என் மூஞ்சியே சொல்லுதே,” என்றார். பக்கத்தில் பசிலியா அக்கா, “ஒன் மூஞ்சிய பத்திரத்துல ஒட்ட முடியாதுல்ல, பயந்துருவாங்க,” என்றதும் எல்லாரும் சிரித்து வகுப்பு கலைந்தது. நானும் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஐந்தாம் மாதம் பரீட்சைத் தாள் வந்தது. ஒரு பத்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். நாற்பத்தொரு தாளையும் என் அறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். மூன்று நாள் ஆனது. சிலதை இடது கையால் எழுதினேன், சிலதில் வேண்டுமென்றே தப்பு விட்டேன், பேனாவை மாற்றிக்கொண்டேன். நம்பும்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஒரு தொழில் பெருமைகூட வந்துவிட்டது. இவருக்கு எவ்வளவு மார்க் போடலாம், அவருக்கு எவ்வளவு என்று ரசித்துப் பிரித்துப் போட்டேன். கடைசியில் ‘இவர்கள் வாசிக்கவும் எழுதவும் வல்லவர்கள் எனச் சான்றளிக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டேன். அது என் சொந்தக் கையெழுத்து.

அதை வைத்து எல்லாருக்கும் புது அடையாள அட்டை எடுத்தார்கள். அட்டை எடுக்கும் வண்டி ஊருக்கே வந்தது. பெண்கள் நல்ல பாவாடையும் பூ வைத்த தொப்பியுமாக வரிசையில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயரை வரைந்தார்கள். அட்டை கைக்கு வந்த அன்று லெயோகாடியா அக்கா அதை முத்தம் கொடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். “இனிமே பேங்குல அந்தப் பொடிசு என் வெரலப் பிடிச்சு மையில அமுக்க மாட்டா. மாட்ட சூடு போடற மாதிரி அமுக்குவா, பிடாரி,” என்றார். எனக்கு உருளைக்கிழங்கு ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சமைத்துச் சாப்பிட்டேன்.

இனி கொடியேற்றிய நாள். எங்கள் பக்கம் நகராட்சி எதைக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கும். வந்ததற்கு ஒன்று, சாப்பிட்டதற்கு ஒன்று, போர்வை கொடுத்ததற்கு ஒன்று, படம் எடுத்ததற்கு ஒன்று. முன்பெல்லாம் பெண்கள் ரேகை வைத்துவிட்டுப் பாவாடையில் மையைத் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து நகர்வார்கள். அன்றைக்கு அப்படியில்லை. மேசைக்கு மேசை போய் அவர்களே கேட்டுப் போட்டார்கள். பேனாவை வாங்கி, குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயர் முழுவதும் போட்டு, நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது, அதை யாரும் சட்டை செய்யவில்லை. சிலர் ஒரே பட்டியலில் இரண்டு தடவை போட்டார்கள்.

லெயோகாடியா அக்கா பெருமையில் முகம் சிவக்க என்னிடம் வந்தார்.

“இன்னும் எங்கயாவது போடணுமா டீச்சர்?”

வில்மர் உட்கார்ந்திருந்த மேசையில் இன்னும் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

“அந்த மேசையிலயும் இருக்குக்கா. போய்ப் போடுங்க.”

போனார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வில்மர் எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார். “அழகாகப் போடுங்கள் அம்மா,” என்றார். மூன்று பக்கத்தில் போட்டார் அக்கா. அந்தக் கூட்டத்தில் கெச்சுவாவும் ஸ்பானிஷும் இரண்டும் தெரிந்து, அவருக்காக ஒரு காகிதத்தைப் புரட்டிப் பார்க்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பத்தடி தூரத்தில் நின்று கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் லாரி வந்தது.

வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய் ஊற்றுக்கு இருபதடி மேலே கொட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளும் கொட்டினார்கள். லெயோகாடியா அக்கா கவணில் கல் வைத்து அடித்து லாரிக் கண்ணாடியை உடைத்தார். மூன்றாம் நாள் லாரி போலீஸோடு வந்தது. சந்தைக் கழிவு, கோழி இறகு, மருத்துவமனைப் பஞ்சு, குழந்தை மூத்திரத் துணி எல்லாம் மழையில் ஊறிச் சரிந்து ஊற்றுக்குள் இறங்கின. நான் ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்தேன். தண்ணீர்மேல் பல நிறத்தில் எண்ணெய் படர்ந்து, அதன் நடுவில் ஒரு பொம்மைத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. நாற்றம் ஊர்ச் சதுக்கம் வரைக்கும் வந்தது. முதல் மாதத்தில் ஆறு அல்பாக்கா செத்தன. அக்கா ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருக்கிறார். ஒரு மூட்டை பிளாஸ்டிக் பை இருந்ததாம், உருண்டையாக, பச்சையாக.

அக்கா நீதிபதியிடம் போனார். அபுந்தியோ கெட்டவர் இல்லை, பயந்தவர். பத்திரத்தை எடுத்துக் காட்டினார்.

“ஒன் கையெழுத்துதான இது?”

“என்துதான். சாப்பாட்டுக்குன்னு போட்டேன்.”

“இருபது வருஷத்துக்கு நெலத்தக் குடுத்திருக்கேன்னு இருக்கு. ஒரு பக்கமில்ல, மூணு பக்கம்.”

“யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டல. ஒங்க முத்தத்துல வச்சு வாசிக்கல. எப்பவும் வாசிப்பீங்கல்ல?”

“அது எழுத்துத் தெரியாதவங்களுக்கு. ஒன் அட்டையப் பாரு, கையெழுத்து இருக்கு. பரீட்சையில எண்பது மார்க்கு வாங்கியிருக்க. டீச்சர் எழுதிக் குடுத்திருக்கா. ஒனக்கு நான் எதுக்கு வாசிக்கணும்?”

இதை எனக்குப் பசிலியா அக்கா வந்து சொன்னார். சொல்லிவிட்டு, “அவ பொய் சொல்றாளா டீச்சர்? எண்பது வாங்கினவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கே எழுபது வந்துச்சே,” என்றார். அவர் குரலில் ஒரு சின்னப் பொறாமை இருந்தது. எண்பது மார்க் போட்டவள் நான். எழுபதும் நான்தான் போட்டேன். தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தேன். அக்கா இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். உண்மையைச் சொன்னால் பொய்ச் சான்றுக்கு என்மேல் வழக்கு வரும், ஆசிரியர் வேலை இந்த ஜென்மத்தில் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இதைத் தினமும் எடைபோட்டுப் பார்த்தேன். எடைபோடவேண்டிய விஷயம் என்று அதை நினைத்தேனே, அதுதான் எனக்கு இப்போதும் அருவருப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவே வந்துவிட்டார். முதுகில் சால்வை மூட்டை. வாசலில் அதை அவிழ்த்துக் கொட்டினார். புத்தகங்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டு ஒன்று, பிரிந்து நனைந்த கட்டு ஒன்று. அழுகின தக்காளி நாற்றம் அடித்தது.

“இது என்னது?”

“புத்தகம்க்கா.”

“எனக்குக் கண்ணு இருக்கு. என்ன புத்தகம்?”

அட்டையைப் பார்த்தேன். கெச்சுவாவில் இருந்தது. ஒரு பெண் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற படம். ‘நம்ம பேச்ச நாமே வாசிப்போம், முதல் புத்தகம்’ என்று போட்டிருந்தது. உள்ளே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம், ஒரு சத்தம். ‘ப’ என்று ஒரு பக்கம், அதில் ஒரு ஊற்று; எங்கள் மொழியில் ஊற்றுக்கு அந்த எழுத்துதான் முதல். எங்கள் வகுப்புக்கு வரவேண்டிய புத்தகம். லீமாவிலிருந்து வந்திருந்தது. வந்து நகராட்சிக் கிட்டங்கியில் கிடந்திருக்கிறது. கொடி ஏற்றியாயிற்று, இனி எதற்கு என்று கிட்டங்கியை ஒழித்துக் குப்பை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார்.

“நமக்கு வந்ததா?”

“நமக்குத்தான்.”

“பதினேழு கட்டு கெடக்கு அங்க. ஒரு கட்டுமேல செத்த நாயக் கொண்டாந்து போட்டிருக்கான்.” கொஞ்சநேரம் புத்தகத்தின் படத்தைப் பார்த்தார். “நான் ஒண்ணு கேக்கறேன், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எனக்கு வாசிக்கத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“ஒனக்கு அது எப்பத் தெரியும்?”

“எப்பவுமே தெரியும்.”

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என் வாயால தெரியாதுன்னு சொன்னா நீதிபதி, சாதகமா இருந்தா எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்கங்கறாரு. நாளைக்குக் காலையில விசாரண. நீ வந்து சொல்லு எடெல்மிரா,” என்றார். அதுவரைக்கும் டீச்சர் என்று கூப்பிட்டவர்.

மறுநாள் நீதிபதியின் முற்றம் நிறைந்துவிட்டது. சுவரோரமாக நாற்பது பெண்களும் கதிரோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மாணவிகள். வில்மர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்ததும் அவர் சிரித்தபடி, “பதிவுக்காக ஸ்பானிஷில் சொல்லுங்கள் மிஸ்,” என்றார்.

அவர் என்னை மடக்குவதற்காகச் சொன்னார். எனக்கு அது பெரிய உபகாரமாகப் போய்விட்டது. ஸ்பானிஷில் சொன்னேன். ‘மதிப்பீட்டு நடைமுறையில் முறைகேடுகள் நிகழ்ந்துள்ளன. விடைத்தாள்கள் பயனாளிகளால் நிரப்பப்படவில்லை. பயனாளிகளின் வாசிப்புத் திறன் சான்றிதழில் குறிப்பிட்ட நிலையை எட்டவில்லை. இதற்குப் பொறுப்பேற்கிறேன்.’ கணீரென்று சொன்னேன். புத்தகக் கட்டை மேசைமேல் வைத்து அது கிடந்த இடத்தையும் சொன்னேன். வில்மர் காலை இறக்கிவிட்டார்.

அபுந்தியோ நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். நாற்பது பெண்களைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு புத்தகங்களைப் பார்த்தார். வாசித்துக் காட்டாமல் வாங்கிய சம்மதம் செல்லாது, மேல்நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை லாரி அந்த நிலத்துக்குள் போகக்கூடாது, கொட்டியதை நகராட்சியே அள்ளவேண்டும் என்று எழுதி, கெச்சுவாவிலும் சொன்னார். லெயோகாடியா அக்காவின் நிலம் திரும்பிவிட்டது. ஊற்று திரும்பவில்லை. இன்றுவரை அந்தத் தண்ணீரை எந்த மிருகமும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதை எந்தக் காகிதத்தாலும் சரிசெய்ய முடியவில்லை.

ஆனால் அது பிறகு. அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், நான் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன். லெயோகாடியா அக்கா வழியை மறித்து நின்றார்.

“அவங்ககிட்ட என்ன சொன்ன?”

“உங்களுக்குச் சாதகமாத்தான் சொன்னேன்க்கா. நெலம் உங்களுக்கே வந்துருச்சு.”

“அது நீதிபதி சொன்னது. எனக்குப் புரிஞ்சுது. நீ என்ன சொன்னேன்னு கேக்கறேன். இவங்க எல்லாரும் காலையிலேருந்து ஒக்காந்திருக்காங்க. இவங்களுக்கும் ஒண்ணும் வெளங்கல. நம்ம பேச்சுல சொல்லு.”

நான் ஸ்பானிஷில் சொன்னதை அப்படியே கெச்சுவாவில் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. முறைகேடு, நடைமுறை, பயனாளி என்று அங்கே எதுவும் இல்லை. அந்த மொழியில் நான் ஆபீஸ் வேலை பார்த்ததே இல்லை. அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் பேசிய பேச்சுதான் இருந்தது.

“நான் பொய் சொன்னேன்,” என்றேன். “நீங்க யாரும் பரீட்சை எழுதல. நாப்பத்தொரு பேரோடதையும் நானே எழுதிட்டேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எழுதவும் தெரியாது. பேர வரையத்தான் சொல்லிக் குடுத்தேன். மத்தது சொல்லிக் குடுக்கல. ஏமாத்திட்டேன்.”

கதிர்கள் நின்றுவிட்டன. வில்மர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். இந்தத் தடவை நான் ஸ்பானிஷில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

பசிலியா அக்கா மெல்ல எழுந்தார்.

“நாங்க எல்லாருமா? எனக்குமா?”

“எல்லாருக்கும்தான்க்கா.”

“அப்ப என் மகளுக்கு லீமாவுக்கு ஒரு காகிதம் எழுதினேனே. போன உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன்னாடி. எழுதத்தான் வந்துருச்சேன்னு போன்ல சொல்லாம, ஒவ்வொரு வரியா வாயால சொல்லிக்கிட்டே எழுதினேன். ஒங்கப்பனுக்கு உடம்பு முடியல, வந்து பாத்துட்டுப் போன்னு. ஒன்கிட்ட காட்டினேன். நல்லாருக்குன்னு சொன்னியே. ஒறையில நீதான மேல்விலாசம் போட்ட?”

எனக்கு நினைவிருந்தது. கோடு போட்ட தாள். எட்டு வரி. நான் பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும், மேலிருந்து கீழ்வரை, ஒரே ஒரு வார்த்தை.

“அவ வரல,” என்றார் பசிலியா அக்கா. “அப்பன் சாவுக்கும் வரல. காகிதம் கெடச்சும் வராதவ மகளான்னு அவகிட்ட நான் பேசறதில்ல, ஏழு மாசமா. போன் அடிச்சாலும் எடுக்கறதில்ல. அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“உங்க பேருக்கா. எட்டு வரியிலயும் உங்க பேரு மட்டுந்தான் இருந்துச்சு.”

லெயோகாடியா அக்கா பசிலியா அக்காவின் தோளைப் பிடித்து முற்றத்துக்கு வெளியே கூட்டிப்போனார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து, என்மேல் படாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து போனார்கள்.